ஏமஸ் அண்ட் ஆண்டி 1953-ல் மூடப்பட்டதாம்: இதை எத்தனை நாளைக்குச் சொல்வீர்கள்?

கம்பியில்லாத்தந்தி:
ஏமஸ் அண்ட் ஆண்டி என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரைப் பற்றிப் பக்கத்துத் திரியில் மாம்பலத்தான் போகிற போக்கில் ஒன்றை எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அப்படியே தருகிறேன்: "அமெரிக்க வானொலியில் முப்பது வருடம் ஓடிய ஏமஸ் அண்ட் ஆண்டியை டிவிக்குக் கொண்டுவந்தார்கள். எதிர்ப்பாளர்கள் சேர்ந்து இரண்டே வருடத்தில் இழுத்து மூடிவிட்டார்கள். 1953-ல் கதை முடிந்தது." கீழே வரிசையாக ஆமாம் போட்டிருக்கிறார்கள். ஒருவராவது சரிபார்த்தாரா?

1953-ல் கதை முடியவில்லை. 1953 ஜூன் 11 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனம் தன் நாடு தழுவிய ஒளிபரப்பிலிருந்து எடுத்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு உள்ளூர் நிலையங்களுக்கு விற்பதற்காகவே இன்னும் 13 பகுதிகளைப் புதிதாக எடுத்துச் சேர்த்தார்கள். மொத்தம் 78 பகுதிகள். அவை 1966 வரை ஊர் ஊராக ஓடின. 1966. மூடிய கடையில் யாராவது புதுச் சரக்கு வாங்கி அடுக்குவார்களா?

நாற்பது வருடமாக வானொலி நாடகங்களைத் தேடித் தேடிக் கேட்கிறவன் நான். இந்த ஒரு பொய்யை மட்டும் என்னால் சகிக்க முடியவில்லை.

மேற்குமாம்பலத்தான்:
ஐயா, தனித்திரி போட்டு என்னைக் கூண்டில் ஏற்றும் அளவுக்கு நான் என்ன தப்பாகச் சொன்னேன்? 1951 ஜூன் 28 முதல் பகுதி. அதே கோடையில் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்ஏஏசிபி அட்லாண்டாவில் மாநாடு கூட்டி எதிர்த்துத் தீர்மானம் போட்டது. நிகழ்ச்சியை ஏன் நிறுத்த வேண்டும் என்று அறிக்கை அச்சடித்துக் கொடுத்தது. விளம்பரம் கொடுத்தது மில்வாக்கியைச் சேர்ந்த பிளாட்ஸ் பீர் கம்பெனி. அவர்கள் 1953-ல் விலகினார்கள். ஜூனில் நிகழ்ச்சி நின்றது. இதில் எந்த வரி பொய்?

அமெரிக்கத் தொலைக்காட்சியில் முழுக்க முழுக்கக் கறுப்பின நடிகர்களை வைத்து எடுத்த முதல் தொடர் அது. டிம் மூர் மாதிரி ஒரு நகைச்சுவை நடிகர் அதில் நடித்தார். ஒரு கூட்டம் கூச்சல் போட்டு அதை மூடியது. வருடம் 1953. ஆதங்கத்தில் எழுதினேன், இப்போதும் எழுதுவேன்.

செங்கல்சூளை:
மாம்பலத்தாரின் ஆதங்கம் புல்லரிக்க வைக்கிறது. அந்த நிகழ்ச்சி எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் பேசவில்லை.

வானொலியில் அதை உருவாக்கியவர்கள் ஃப்ரீமன் காஸ்டன், சார்லஸ் கொரெல். ஒருவர் வர்ஜீனியாவின் ரிச்மண்ட், இன்னொருவர் இல்லினாய்ஸின் பியோரியா. இரண்டு பேரும் வெள்ளைக்காரர்கள். முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்யும் மேடை மரபில் ஊறியவர்கள். வானொலியில் முகம் தெரியாது என்பதால் கரிக்குப் பதில் குரலைப் பூசினார்கள். 1930-ல் ஆர்கேஓ ஸ்டூடியோ எடுத்த படத்தில் உண்மையிலேயே கரி பூசிக்கொண்டுதான் நடித்தார்கள். அந்தப் படத்தில் ட்யூக் எலிங்டனின் ஜாஸ் இசைக்குழு வாசித்தது. குழுவில் நிறம் வெளுப்பாக இருந்தவர்களுக்கும் கரி பூசிவிட்டார்கள். இதற்குத்தான் இங்கே கண்ணீரா?

1931-லேயே பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினப் பத்திரிகை நிகழ்ச்சியை நிறுத்தக் கோரிப் பத்து லட்சம் கையெழுத்து என்று இயக்கம் தொடங்கியது. ஆறு லட்சத்துக்கு மேல் சேர்ந்ததாக அறிவித்தது. அரசின் வானொலி ஆணையம் அசையவில்லை. 22 வருடம் போராடி 1953-ல் அந்த மக்கள் அதை நிறுத்தினார்கள். அது அவர்கள் வெற்றி. அந்த வெற்றியை "1966, 1966" என்று சொல்லிக் குறைக்கப் பார்க்கிற தந்தி ஐயாவின் நோக்கம் என்ன?

கம்பியில்லாத்தந்தி:
பாருங்கள் வேடிக்கையை. மாம்பலத்தானுக்கு அது கொலை, செங்கல்சூளைத் தோழருக்கு அது வெற்றி. இரண்டு பேருக்கும் 1953 வேண்டும். ஒருவர் எதிர்ப்பாளர்கள் மேல் பழி போட, இன்னொருவர் அவர்களுக்கு மாலை போட. நடந்தது என்ன என்று இரண்டு பேருக்கும் அக்கறை இல்லை.

தோழர், காஸ்டனும் கொரெலும் வெள்ளையர் என்பதை எனக்குப் பாடம் எடுக்காதீர்கள். நீங்கள் சொன்னதில் பாதிக் கதைகூட இல்லை. அவர்கள் 1920-ல் வட கரோலினாவின் டர்ஹமில் சந்தித்தார்கள். ஊர் ஊராகப் போய் உள்ளூர் ஆட்களை வைத்து மேடை நிகழ்ச்சி நடத்தும் ஒரு கம்பெனியில் வேலை. 1926 ஜனவரி 12-ல் சிகாகோவின் டபிள்யூஜிஎன் நிலையத்தில் சாம் அண்ட் ஹென்றி என்று தொடங்கினார்கள். தினமும் ஒரு சின்னத் துண்டு, அடுத்த நாள் தொடரும். செய்தித்தாளில் வந்துகொண்டிருந்த படக்கதைத் தொடர்தான் அதற்கு முன்மாதிரி. அப்புறம் நிகழ்ச்சியை இசைத்தட்டில் பதிவு செய்து மற்ற ஊர் நிலையங்களுக்கு விற்கலாம் என்று கேட்டார்கள். டபிள்யூஜிஎன் மறுத்தது. வெளியே வந்தார்கள். பெயர் பழைய நிலையத்திடமே தங்கிவிட்டது. அதனால்தான் 1928 மார்ச் 19-ல் டபிள்யூஎம்ஏக்யூவில் ஏமஸ், ஆண்டி என்று புதுப் பெயர்கள். 1929 ஆகஸ்ட்டில் பெப்ஸோடென்ட் பற்பசை விளம்பரத்தோடு என்பிசி வழியாக நாடு முழுவதும் போனது.

அட்லாண்டா பக்கத்துப் பண்ணையிலிருந்து பிழைப்பு தேடி வடக்கே வரும் இரண்டு பேர். ஓட்டைக் காரில் டாக்ஸி ஓட்டுகிறார்கள். கையில் காசில்லை. 1929 அக்டோபரில் பங்குச் சந்தை விழுந்த பிறகு அமெரிக்காவில் பாதிப் பேர் நிலைமை அதுதான். அன்றைய மதிப்பீடுகள் 4 கோடிப் பேர் வரை கேட்டார்கள் என்றன. சினிமாத் தியேட்டர்களில் படத்தை நிறுத்திவிட்டு அந்தக் கால் மணி நேரம் வானொலியைப் போட்டார்கள். தொடக்க வருடங்களில் அத்தனை குரலும் இந்த இரண்டே பேர்தான். ஏமஸ், கிங்ஃபிஷ், லைட்னின் எல்லாம் காஸ்டன். ஆண்டி, ஹென்றி வான் போர்ட்டர் எல்லாம் கொரெல்.

1931 கையெழுத்து இயக்கத்தைச் சொன்னீர்கள். அதே 1931-ல் சிகாகோ டிஃபெண்டர், அதுவும் கறுப்பினப் பத்திரிகைதான், தன் குழந்தைகள் விழாவுக்குக் காஸ்டனையும் கொரெலையும் விருந்தினராகக் கூப்பிட்டது. அதை ஏன் சொல்லவில்லை?

1953 இல்லை. 1966.

செங்கல்சூளை:
டிஃபெண்டர் கூப்பிட்டது. அதனால்? ஒரு பத்திரிகை விருந்துக்கு அழைத்ததால் ஆறு லட்சம் கையெழுத்து அழிந்துவிடுமா? வானொலியில் அந்த நிகழ்ச்சியின் அறிமுக இசையாக வருடக்கணக்கில் எதை வாசித்தார்கள் என்று ஐயா சொல்லட்டும். 1915-ல் வந்த பர்த் ஆஃப் எ நேஷன் படத்துக்காக ஜோசப் கார்ல் பிரைல் எழுதிய மெட்டு. கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தைக் கதாநாயகர்களாக்கிய படம். அதிலிருந்து எடுத்த மெட்டோடு தினமும் மாலை கறுப்பர் வேடிக்கை. இதை "காசில்லாதவர்கள் கதை" என்று மெழுகுகிறார்.

மேற்குமாம்பலத்தான்:
மெட்டு எங்கிருந்து வந்தால் என்ன தோழர்? கேட்டவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? அது அந்தப் படத்தில் காதல் காட்சிக்கு எழுதியது.

தந்தி ஐயாவுக்கு: நீங்கள் சொன்ன பழங்கதை அத்தனையும் சரி. ஆனால் கேள்வி அது இல்லையே. சிபிஎஸ் எப்போது நிறுத்தியது? 1953. மறுஒளிபரப்பு என்பது மிச்சம் மீதி. அதைக் கணக்கில் சேர்ப்பதாக இருந்தால் உலகத்தில் எந்தத் தொடரும் நின்றதே இல்லை.

வானலை_யாழ்:
தந்தி அண்ணை, கோபிக்காதேங்கோ. வானொலி நகைச்சுவை டிவிக்கு வந்த வரலாறு எண்டு கதைக்கத் தொடங்கினால் எல்லாரும் ஏமஸ் அண்ட் ஆண்டியிலேயே நிற்கிறீங்கள். த கோல்ட்பர்க்ஸ் எங்கே? 1929 நவம்பரில் வானொலியில் தொடங்கினது. கெர்ட்ரூட் பெர்க் தானே எழுதி, தானே நடிச்சா. 1949 ஜனவரியில் சிபிஎஸ் டிவிக்கு வந்திட்டுது. ஏமஸ் அண்ட் ஆண்டிக்கு ரெண்டு வருசத்துக்கு மேல் முந்தி. வெள்ளைக்காரர் கறுப்பர் குரலில் கதைச்ச மாதிரி இல்லை. யூதக் குடும்பத்தின்ர கதையை ஒரு யூதப் பெண்ணே எழுதினா. நாலு திரியில் சொல்லிப் பார்த்திட்டன், ஒருத்தரும் காது குடுக்கேல்லை.

கம்பியில்லாத்தந்தி:
யாழ் தம்பி, உங்களுக்கு என்மேல் பழைய திரி ஒன்றிலிருந்தே மனத்தாங்கல். அங்கேயும் இப்படித்தான் நடுவில் கோல்ட்பர்க்ஸைக் கொண்டுவந்தீர்கள். கோல்ட்பர்க்ஸ் முந்தி வந்தது, யார் இல்லை என்றார்கள்? இங்கே பேச்சு 1953-ஐப் பற்றி.

மாம்பலத்தாரே, "மிச்சம் மீதி" என்றீர்கள். மறுஒளிபரப்பு நடந்த நிலையங்களைப் பற்றி என்ன தெரியும் உங்களுக்கு? 1950-களின் நடுவில் சிபிஎஸ் அந்தப் பகுதிகளை உள்ளூர் நிலையங்களுக்கு விற்றபோதுதான் பல ஊர்களில் அதை வாரத்தில் ஐந்து நாளும் போட்டார்கள். சிபிஎஸ்ஸில் வாரம் ஒரு நாள் பார்த்த குழந்தை, இப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் பார்த்தது. 1963-ல் சிபிஎஸ் ஃபிலிம்ஸ் அதைக் கென்யாவுக்கும் மேற்கு நைஜீரியாவுக்கும் விற்றதாக அறிவித்தது. 1963! ஆப்பிரிக்காவுக்கே அனுப்பத் துணிந்தார்கள். கென்யா அரசு தன் நாட்டில் காட்ட விடமாட்டோம் என்று சொன்னது. 1964-ல் சிகாகோவில் ஒரு நிலையம் மறுபடி போடப் போகிறோம் என்றதும் எதிர்ப்பு வெடித்தது. 1966-ல்தான் சிபிஎஸ் விற்பனையிலிருந்தே எடுத்தது. நீங்கள் சொல்கிறபடி 1953-ல் செத்துப்போன நிகழ்ச்சிக்கு 1964-ல் யார் எதிராகக் கொடி பிடித்தார்கள்?

தோழர், இது உங்களுக்கும்தான். வெற்றி என்றால் அதை 1966-ல் எழுதுங்கள். 1953 என்று எழுதினால், அதற்குப் பிறகு 13 வருடம் போராடியவர்கள் உழைப்பை நீங்களே அழிக்கிறீர்கள்.

செங்கல்சூளை:
யார் உழைப்பை யார் அழிப்பது? 1953-ல் பிளாட்ஸ் ஓடியது மக்களுக்குப் பயந்து. பீர் விற்கிறவனுக்குக் கறுப்பின வாடிக்கையாளர்கள் வேண்டும். அதுதான் பொருளாதாரம். புறக்கணிப்பு வேலை செய்தது. 1953.

மேற்குமாம்பலத்தான்:
தோழர் சொன்ன காரணம் தவறு, வருடம் சரி.

குறிஞ்சிமலர்:
இங்கே இத்தனை பேர் இத்தனை பதிவு போட்டும் நடிகர்களைப் பற்றி டிம் மூர் பெயரை ஒரு தடவை சொன்னதோடு சரி. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது.

ஆண்டியாக நடித்த ஸ்பென்சர் வில்லியம்ஸ் அதற்கு முன்பே இயக்குநர். 1941-ல் த பிளட் ஆஃப் ஜீசஸ் என்ற படத்தைத் தானே எழுதி இயக்கியவர். கறுப்பினப் பார்வையாளர்களுக்காக மிகக் குறைந்த பணத்தில் எடுத்த படம். அவரிடம் காஸ்டன் படப்பிடிப்புத் தளத்துக்கு வந்து, வானொலியில் நாங்கள் பேசிய மாதிரிப் பேசு என்று சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். வில்லியம்ஸ் மறுத்துவிட்டார். இதை அவரே பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். கறுப்பர் எப்படிப் பேசுவார் என்று ஒரு வெள்ளைக்காரர் ஒரு கறுப்பருக்குக் கற்றுக்கொடுப்பது! அதற்குப் பிறகு காஸ்டன் தளத்துக்கு வரவில்லை.

ஏமஸாக நடித்த ஆல்வின் சில்ட்ரெஸ், கிங்ஃபிஷாக டிம் மூர், அவர் மனைவி சஃபையராக எர்னஸ்டின் வேட், மாமியாராக அமாண்டா ராண்டால்ஃப், வக்கீல் கால்ஹூனாக ஜானி லீ. இவர்களில் வேட், ராண்டால்ஃப், லீ மூன்று பேரும் வானொலியிலேயே இருந்தவர்கள். எல்லாக் குரலும் அந்த இரண்டு பேர்தான் என்று கடைசிவரை நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம். தொடர் நின்ற பிறகு 1950-களின் நடுவில் இந்த நடிகர்கள் "டிவியில் வந்த அசல் குழு" என்று சொல்லிக்கொண்டு ஊர் ஊராக மேடை ஏறப் பார்த்தார்கள். பாத்திரங்கள் எங்கள் சொத்து என்று சிபிஎஸ் தடுத்தது. அவர்கள் முகம் தினமும் டிவியில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் அந்த முகத்தை வைத்து அவர்கள் பிழைக்கக் கூடாது. எதிர்ப்பாளர்களையும் பீர் கம்பெனியையும் பேசுகிற நீங்கள் சிபிஎஸ்ஸை ஏன் விட்டுவிட்டீர்கள்?

கம்பியில்லாத்தந்தி:
நன்றி அம்மா. நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். "முகம் தினமும் டிவியில் ஓடிக்கொண்டிருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போது? 1953-க்குப் பிறகு!

ஆனால் ஒரு விஷயம். எல்லாக் குரலும் இரண்டு பேர் என்று நான் சொன்னது தொடக்க வருடங்களை. "தொடக்க வருடங்களில்" என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். 1943-ல் கால் மணி நேரத் தொடர் நின்று, வாரம் ஒரு முறை அரை மணி நேர நகைச்சுவையாக மாறியபோதுதான் எழுத்தாளர் குழு, பார்வையாளர் கூட்டம், மற்ற நடிகர்கள் எல்லாம் வந்தார்கள். டிவிக்குப் போனது அந்த இரண்டாவது வடிவம். 1928-ன் நிதானமான கதையைக் கேட்டவர்களுக்கும் கிங்ஃபிஷ் ஆண்டியை ஏமாற்றுகிற அரை மணி நேரத்தைப் பார்த்தவர்களுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. டிவியில் ஏமஸ் பெரும்பாலும் ஓரமாக நின்று கதை சொல்கிறவராகிவிட்டார். இதைக் கவனிக்காமல் தோழர் 1931-ஐயும் 1951-ஐயும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறார்.

குறிஞ்சிமலர்:
நான் உங்களுக்குச் சான்று தருவதற்காக எழுதவில்லை ஐயா. நடிகர்களைப் பற்றிப் பேசுங்கள் என்று எழுதினேன். நீங்கள் மறுபடி உங்கள் வருடத்துக்கே போய்விட்டீர்கள்.

மேற்குமாம்பலத்தான்:
குறிஞ்சி அக்கா சொன்னதிலேயே "தொடர் நின்ற பிறகு" என்று இருக்கிறது. தந்தி ஐயா அந்த வரியை மட்டும் பார்க்கவில்லை போலிருக்கிறது. தொடர் நின்றது. எப்போது? 1953.

அப்புறம் என்ஏஏசிபி அறிக்கையை எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்? கறுப்பின மருத்துவர்களைப் போலிகளாகவும் வக்கீல்களைக் கோழைத் தந்திரக்காரர்களாகவும் காட்டுகிறார்கள் என்று குற்றச்சாட்டு. நான் கையில் கிடைத்த பகுதிகளையெல்லாம் பார்த்தவன். கால்ஹூன் ஒருவர் அப்படி. ஆனால் அதே தொடரில் நீதிபதியாக, மருத்துவராக, கடை முதலாளியாக, கண்ணியமாக நல்ல உச்சரிப்போடு பேசும் கறுப்பர்கள் பகுதிக்குப் பகுதி வருகிறார்கள். அன்றைய டிவியில் வேறு எங்கே அதைப் பார்க்க முடிந்தது? 1952 கிறிஸ்துமஸ் பகுதியில் ஏமஸ் தன் மகளைத் தூங்க வைக்கும்போது கர்த்தர் ஜெபத்தை வரி வரியாக விளக்குகிறார். வானொலியில் 1940-லிருந்து வருடா வருடம் செய்துவந்த காட்சி. அதில் எந்தக் கேலி இருக்கிறது? சொல்லுங்கள் தோழர்.

செங்கல்சூளை:
ஒரு ஜெபத்தைக் காட்டி 78 பகுதியை மன்னிக்கச் சொல்கிறீர்கள். தொடரில் நீதிபதி வருகிறார், சரி. யார் பெயர் தெரிந்தது? கிங்ஃபிஷ் பெயர்தான். அன்று வேறு கறுப்பினத் தொடர் இருந்திருந்தால் இது பத்தில் ஒன்றாகப் போயிருக்கும். ஒன்றுமே இல்லாத இடத்தில் இது ஒன்றுதான் அந்த மக்களின் முகம் என்றால், அந்த முகத்தை வரைந்தவர்கள் யார் என்று கேட்கத்தான் செய்வார்கள்.

"முதல் தொடர், முதல் தொடர்" என்று மார் தட்ட வேண்டாம். பியூலா என்ற தொடர் 1950 அக்டோபரிலேயே ஏபிசியில் வந்துவிட்டது. ஈத்தல் வாட்டர்ஸ் என்ற கறுப்பின நடிகை கதாநாயகி.

மேற்குமாம்பலத்தான்:
நான் எழுதியது "முழுக்க முழுக்கக் கறுப்பின நடிகர்களை வைத்து எடுத்த". பியூலாவில் அவர் வெள்ளைக் குடும்பத்து வேலைக்காரி. வீட்டு முதலாளி, முதலாளியம்மா, பையன் எல்லாம் வெள்ளையர். என் பதிவைப் படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள். அந்தப் பியூலா வானொலியில் பிறந்தபோது அவளுக்குக் குரல் கொடுத்தவர் மார்லின் ஹர்ட் என்ற வெள்ளைக்கார ஆண். அதையும் உங்கள் பெருமைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செங்கல்சூளை:
பெருமையா? என்ஏஏசிபி பியூலாவையும் சேர்த்துத்தான் கண்டித்தது. தெரியாமல் எழுதுகிறீர்கள்.

வானலை_யாழ்:
பியூலாவுக்கு இடம் இருக்கு, கோல்ட்பர்க்ஸுக்கு இல்லை.

கம்பியில்லாத்தந்தி:
எல்லோரும் பியூலாவை நோக்கி ஓடுகிறீர்கள். நான் விடப் போவதில்லை.

பிளாட்ஸ் ஏன் விலகியது என்பதற்கு எதிர்ப்பு மட்டும்தான் காரணம் என்று மாம்பலத்தானும் தோழரும் கைகோர்த்துச் சொல்கிறீர்கள். எதிர்ப்புக்குப் பங்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1951-ல் அறிக்கை, 1953-ல் விலகல். நடுவில் இரண்டு முழுப் பருவம் ஓடியிருக்கிறது. இரண்டு பருவத்திலும் நாட்டில் முதல் 30 நிகழ்ச்சிகளுக்குள் இருந்தது. சிபிஎஸ் 1948-ல் காஸ்டனிடமும் கொரெலிடமும் உரிமையை வாங்க 25 லட்சம் டாலர் அளவுக்குப் போட்டது. ஹால் ரோச் ஸ்டூடியோவில் ஃபிலிமில் எடுத்தார்கள். ஐ லவ் லூசி தொடர் 1951 அக்டோபரில்தான் வந்தது, இது ஜூனிலேயே ஃபிலிமில் வந்துவிட்டது. நேரடி ஒளிபரப்பாக இருந்திருந்தால் காற்றோடு போயிருக்கும். ஃபிலிம் கையில் இருந்ததால்தான் விற்க முடிந்தது. போட்ட பணத்தை எடுக்க நினைக்கிற நிறுவனம் 1953-ல் கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போகுமா? போகவில்லை. உள்ளூர் நிலையங்களிடம் போனது.

வானொலியையும் மறந்துவிட்டீர்கள். டிவியில் நிறுத்திய பிறகும் காஸ்டனும் கொரெலும் வானொலியில் அதே பாத்திரங்களாகப் பேசினார்கள். 1954-லிருந்து இசைத்தட்டு போட்டு நடுநடுவே பேசும் மியூசிக் ஹால் நிகழ்ச்சி. 1960 நவம்பரில்தான் அதை முடித்தார்கள். 1961-ல் அதே இரண்டு குரலும் நரியும் கரடியுமாகக் கால்வின் அண்ட் த கர்னல் என்ற கார்ட்டூனில் திரும்பி வந்தன. 1953-ல் எது முடிந்தது, சொல்லுங்கள்?

மேற்குமாம்பலத்தான்:
டிவித் தொடர் முடிந்தது.

கம்பியில்லாத்தந்தி:
1966.

மேற்குமாம்பலத்தான்:
1953, ஜூன் 11. தேதி நீங்கள் கொடுத்ததுதான். உங்கள் முதல் பதிவின் இரண்டாவது பத்தி.

நெறியாளர்:
ஒரே எண்ணைத் திருப்பித் திருப்பி எழுதும் பதிவுகள் இனி நீக்கப்படும். தனிப்பட்ட பழைய கணக்குகளை இங்கே தீர்க்க வேண்டாம்.

கம்பியில்லாத்தந்தி:
நெறியாளர் அவர்களே, எண்ணை நான் காரணம் இல்லாமல் எழுதவில்லை. இதோ நீதிமன்றச் சான்று. ஒரு எழுத்தாளர் இந்தப் பாத்திரங்களை வைத்து பிராட்வே இசை நாடகம் போட நினைத்தார். சிபிஎஸ் உரிமை கோரியது. வழக்கு நடந்து 1989-ல் இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1948-க்கு முந்தைய வானொலி எழுத்துப் பிரதிகளுக்குப் பதிப்புரிமை போய்விட்டது. பெயர் மீதான வணிகச் சின்ன உரிமையும், பயன்படுத்தாமல் 21 வருடம் வைத்திருந்ததால், சிபிஎஸ்ஸிடம் இல்லை என்றது. அந்த 21 வருடத்தை எதிலிருந்து எண்ணினார்கள்? 1966-லிருந்து. 1953-லிருந்து இல்லை. அமெரிக்க நீதிபதிகளுக்கே தெரிந்திருக்கிறது, நம் கருத்துக்களத்துக்குத் தெரியவில்லை.

மேற்குமாம்பலத்தான்:
வணிகச் சின்னத்தைப் பற்றிய தீர்ப்பு. நிகழ்ச்சி எப்போது நிறுத்தப்பட்டது என்று முடிவு சொல்ல அந்த நீதிபதிகள் உட்காரவில்லை. ஒரு படப்பெட்டி கடைசியாக எந்த வருடம் விலைக்குப் போனது என்பதும், எழுத்தாளர்கள், நடிகர்கள், இயக்குநர் எல்லோரும் வேலையை விட்டு வெளியே அனுப்பப்பட்ட வருடமும் எனக்கு ஒன்றில்லை. அதில் எழுதிய ஜோ கானலியும் பாப் மோஷரும் போய் லீவ் இட் டு பீவர் என்று வெள்ளைக் குடும்பத் தொடர் எழுதிப் புகழ் அடைந்தார்கள். டிம் மூருக்கு அப்படி ஒரு தொடர் கிடைத்ததா? எதிர்த்தவர்கள் அவருக்கு மாற்று வேலை வைத்திருந்தார்களா? இந்தக் கேள்விக்கு இந்தத் திரியில் இதுவரை பதில் இல்லை.

செங்கல்சூளை:
வேலை கொடுக்காதது எதிர்த்தவர்களா, டிவி நிறுவனங்களா? கறுப்பர் நடிக்க ஒரே ஒரு கதவைத் திறந்து, அதிலும் குனிந்துதான் வர வேண்டும் என்றது யார்? அந்தக் கேள்வியை சிபிஎஸ்ஸிடம் கேளுங்கள். என்ஏஏசிபி வேலைவாய்ப்பு அலுவலகம் இல்லை.

குறிஞ்சிமலர்:
தோழர், வேலை போனவர்களுக்கு அந்த வாதம் ஆறுதலாக இருந்திருக்குமா? சில்ட்ரெஸ் கடைசிவரை அந்தத் தொடரை விட்டுக்கொடுக்காமல்தான் பேசினார். அவர் பேச்சையும் கேட்க வேண்டும், எதிர்த்தவர்கள் பேச்சையும் கேட்க வேண்டும். நீங்கள் மூன்று பேரும் அவர்கள் இரண்டு பேருக்காகவும் நீங்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

கம்பியில்லாத்தந்தி:
நான் யாருக்காகவும் பேசவில்லை அம்மா. நடந்ததைச் சொல்கிறேன். நாளை இந்தத் திரியைப் படிக்கிற ஒரு பள்ளிப் பையன் 1953 என்று கட்டுரையில் எழுதிவிடக் கூடாது.

வானலை_யாழ்:
அண்ணை, கடைசியா ஒண்டு சொல்லிப்போட்டுப் போறன். எதிர்ப்பால் நிண்ட தொடர் எண்டு தேடுறீங்கள். கோல்ட்பர்க்ஸில் ஜேக்காக நடிச்ச ஃபிலிப் லோப். 1950-ல் ரெட் சேனல்ஸ் எண்ட புத்தகத்தில் அவரின்ர பெயரைக் கம்யூனிஸ்ட் ஆதரவாளர் எண்டு போட்டாங்கள். விளம்பரம் குடுத்த ஜெனரல் ஃபுட்ஸ் அவரை நீக்கச் சொல்லி நெருக்கினது. பெர்க் மறுத்தா. 1951-ல் ஸ்பான்சர் போச்சுது, சிபிஎஸ்ஸும் போச்சுது. 1952-ல் என்பிசியில் திரும்பி வந்தபோது லோப் இல்லை. 1955-ல் நியூயார்க்கில் ஒரு ஹோட்டல் அறையில் தற்கொலை செய்துகொண்டார். ஸ்பான்சர் பயந்தால் என்ன நடக்கும் எண்டதுக்கு இதைவிடப் பெரிய சாட்சி இல்லை. இதைப் பற்றி ஒரு வரி எழுத உங்களுக்கு மனம் வரேல்லை.

கம்பியில்லாத்தந்தி:
லோப் கதை எனக்கும் தெரியும் தம்பி. கனமான கதை. அதற்குத் தனித்திரி போடுங்கள், கட்டாயம் வருகிறேன். ஆனால் பெர்க் மறுத்தார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, கடைசியில் லோப் இல்லாமல் 1952-ல் தொடரை நடத்தியதும் அதே பெர்க்தான். அதை அங்கே பேசுவோம்.

வானலை_யாழ்:
பெர்க்கைக் குறை சொல்லுறீங்களா? அவவுக்குக் கீழே எத்தனை பேரின்ர சம்பளம் கிடந்தது தெரியுமோ? திரி போட்டாச்சு. வாங்கோ, அங்கை கதைப்பம்.

மேற்குமாம்பலத்தான்:
நானும் வருகிறேன். கோல்ட்பர்க்ஸ் 1951-ல் நின்றது என்று சொன்னால், அதற்கும் தந்தி ஐயா வேறு ஒரு வருடம் வைத்திருப்பார்.